வெண்மதியின் துப்பாக்கி

முன்பெல்லாம் வெண்மதியின் ஏர் ரைபிளின் பின்கட்டை தோளுக்குச் சரியாக எட்டாமல் நழுவும். சில மாதங்களாகத் துப்பாக்கி சொன்னபடி கேட்கிறது. சிதம்பரம் கிளப்பில் அவள் குறி தப்புவதே இல்லை. கை பழகிவிட்டது என்று அவளுக்கு ஒரே பெருமை. இன்னும் நன்றாகச் சுடலாமே என்று, கட்டையின் முனையில் பொருத்தச் சென்னையிலிருந்து ரப்பர் பேட் வரவழைத்தாள்.

“நல்லாத்தானே சுடுது, எதுக்கு மாத்துற?” என்றான் கணவன் அருள்முருகன். சிப்காட்டில் ஃபிட்டர்.

“என் துப்பாக்கியில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். யோசனையும் சொல்லக் கூடாது மாமா.”

அவன் ஷிஃப்டுக்குப் போனதும் முனையிலிருந்த பழைய தட்டைக் கழற்றினாள். அடியில், கட்டையின் வளைவுக்கேற்ப அழகாக வெட்டி ஒட்டிய நீல ரப்பர். அதில் பாதி தேய்ந்த ஒன்பதாம் நம்பர்.

சில மாதங்களுக்கு முன் நடராஜர் கோயில் வாசலில் தொலைந்துவிட்டதென்று அவன் வெறுங்காலோடு வந்து நின்றானே, அந்தச் செருப்பு! டோக்கன் போடக்கூடத் துப்பில்லையா என்று அன்று அவள் கத்தியபோது, மறந்துட்டேன் என்று சமாளித்தான் மனுஷன்.

தட்டைப் பழையபடி முடுக்கினாள்.

சாயங்காலம் அவன் வாசலில் கழற்றிய செருப்பை எடுத்துத் துடைத்து வீட்டுக்குள் வைத்தாள்.

“ஏன் உள்ள வைக்கிற?”

“இதாவது தொலையாம இருக்கட்டும் மாமா.”