கடைசிப் பங்கு யாருக்கு

கிரான்ட்ரெஸ்கு ஊரில் கடைசித் துண்டை எடுக்கத் துணிந்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது தட்டில் ஒரே ஒரு இலவங்கப்பட்டை பன் மிஞ்சினால் போதும், சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே பனியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது கத்தியை எடுத்து அதைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துக்கொள்வார். அடுத்தவர் மிச்சப் பாதியில் பாதியை எடுப்பார். இப்படியே போய், கடைசியில் கிடக்கும் துணுக்கைத் தேவாலயத்தைப் பெருக்கும் கோயில்பிள்ளை துடைத்தெடுத்து வெளியே குருவிகளுக்குப் போடுவார். குருவிகளுக்கு ஊர் வழக்கம் தெரியாது. அடித்துக்கொண்டு தின்னும்.

டாக்னி இந்த ஊரிலேயே பிறந்து, இந்தக் காபித் தட்டுகளைச் சுற்றியே வளர்ந்தவள். ஆனாலும் சாப்பாட்டுக்கென்று ஒரு கைபேசிச் செயலி தொடங்கியபோது இந்த வழக்கம் அவள் நினைவுக்கு வரவில்லை. தினமும் குடிக்கிற தண்ணீருக்கு ருசி இருப்பது யாருக்குத் தெரிகிறது?

ரயில் வராமல் போய்விட்ட பழைய நிலையத்தில் அவள் ஒரு சமையலறை நடத்திவந்தாள். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்குச் சூடாகச் சமைத்து, கதவைத் தட்டி, கையில் கொடுப்பதுதான் அவள் வேலையில் பாதி. அந்தச் செலவை நகராட்சி ஏற்றுவந்தது. இந்தக் குளிர்காலத்தில் கடலோர நகரத்து நிறுவனம் ஒன்று குறுக்கே வந்தது. வாரம் ஒருமுறை உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறோம், செயலி இருக்கிறது, ஒரு பருக்கைகூட வீணாகாது என்றது. உணவு வீணாவது என்றால் நகராட்சிக்குப் பாவம் செய்த மாதிரி. அதனால் டாக்னிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அவளும் ஒரு செயலி தொடங்கட்டும். மீதி எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியட்டும். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளில் ஒரு நாளாவது தேவாலயத்து மாலை மணி அடிப்பதற்குள் எல்லாம் தீர வேண்டும். சமைத்தவளே எடுத்துச் சாப்பிட்டால் கணக்கில் வராது. தீராவிட்டால் உறைந்த பெட்டிதான். நிலையத்துக்குப் பூட்டுதான்.

பூட்டைவிட டாக்னியை வருத்தியது வேறு. உறைந்த பெட்டி கதவைத் தட்டாது.

செயலியைச் செய்தவன் அவள் தம்பி ஏலோப். காகித ஆலை மூடும்வரை அங்கே இயந்திரக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவன்.

"இதுல பெரிய வித்த ஒண்ணும் இல்லக்கா. உன் பானைய படம் எடுக்கணும். பசிக்கிறவங்க பட்டனத் தொடணும். மாய்கன் கொண்டுபோய்க் குடுக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா இத்தன நாளா என்னடா பண்ணிட்டிருந்த?"

"பட்டனுக்கு நிறம் பாத்துட்டிருந்தேன். சிவப்பு வெச்சா அதட்டுற மாதிரி இருக்குன்னாங்க. பச்ச வெச்சா கெஞ்சுற மாதிரி இருக்காம். கடைசில சாம்பல் நிறம் வெச்சுட்டேன். யாருக்கும் புடிக்கல. அதனால யாரும் குறை சொல்லல."

நட்சத்திரம் போடும் வசதியையும் எடுத்துவிட்டான். ஐந்து நட்சத்திரம் போட்டால் முகத்துக்கு நேராகப் புகழ்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஊரார் கூச்சப்பட்டார்கள். அதற்குப் பதிலாக மூன்று சொற்கள். அதில் உச்சகட்டப் பாராட்டு "பரவாயில்லை."

சாப்பாட்டைக் கொண்டுபோக மாய்கன் இருந்தாள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். பின்னால் நின்றுகொண்டு ஒரு காலால் உதைத்துப் பனியில் ஓட்டும் சறுக்கு நாற்காலி ஒன்று வைத்திருந்தாள். ஆள் உட்காரும் இடத்தில் சாப்பாட்டுப் பெட்டி உட்காரும்.

நகராட்சி சார்பாகக் கணக்குப் பார்க்க ஹால்வர் வந்தார். ஜன்னலோர மேசையில் அமர்ந்து, தன் ஃபிளாஸ்கிலிருந்து தன் காபியைத் தானே ஊற்றிக் குடித்தார். டாக்னி ஒரு ரொட்டித் துண்டை நீட்டியபோது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒண்ணு தின்னாலும் லஞ்சம்னுடுவாங்க."

திங்களன்று முட்டைக்கோஸ் சுருள். ஊர் மொத்தமும் டாக்னிக்காகச் செயலியைத் தொட்டது. மதியத்துக்குள் பானை கிட்டத்தட்டக் காலி. திரையில் "மீதி: 1" என்று வந்தது. அங்கேயே நின்றது. தொலைபேசி அடித்தது.

"டாக்னி, அந்த ஒண்ணு இன்னும் அப்படியே இருக்கு. மனசு கேக்கல, பாத்துட்டே இருக்கேன்." பேசியவர் மர ஆலைத் தெருவில் தனியாக இருக்கும் ரூனே.

"நீங்களே எடுத்துக்கலாமே ரூனே."

"நானா? ச்சே. வேற யாருக்காவது பசிக்கும்."

மாலை வரை ஊரே அந்த ஒன்றைக் கண்கொட்டாமல் காவல் காத்தது. மணி அடித்தது. ஹால்வர் தலையை ஆட்டினார். அவருக்குமே வருத்தம்தான்.

செவ்வாயன்று ஏலோப் "பாதி" என்று ஒரு பட்டன் வைத்தான். கடைசி மீன் வறுவலில் பாதி உடனே போயிற்று. பிறகு பாதியில் பாதி. பிறகு அதில் பாதி. மாய்கன் தபால் தலை அளவு மீனை வெள்ளித்தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, ஊரின் மறுகோடி வரை உதைத்துக்கொண்டு போனாள். வாங்கிய அம்மா வாசலிலேயே தின்றுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். செயலியில் "பரவாயில்லை" என்று போட்டாள். மணி அடித்தபோது மீனில் இன்னும் ஒரு துணுக்கு மிச்சம் இருந்தது.

"கணினிக்குக் களைப்பே கிடையாதுக்கா. இன்னும் எவ்வளவு வேணா பாதியாக்கும்."

"அதுக்கென்ன. கத்தி புடிக்கிறது நான்ல?"

புதனன்று மீதியைத் திரையிலிருந்து மறைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியட்டும் என்ற நிபந்தனையை அது மீறுகிறது என்று ஹால்வர் சொல்ல வாயெடுப்பதற்குள் ஊரே சொல்லிவிட்டது. வரிசையாக அழைப்புகள்.

"டாக்னி, நான் கேட்டது கடைசியா?"

டாக்னிக்குப் பொய் வராது. "கடைசிதான்."

"அப்ப வேண்டாம், விட்டுடு."

ஏலோப்பே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அவன் விரலைத் திரைக்கு மேலே கொண்டுபோனான். விரல் அங்கேயே நின்றது. அடுப்பை அணைத்தோமா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

"நல்ல வீரன்டா நீ" என்றாள் மாய்கன்.

"நீ எடுத்திருக்கலாமே?"

மாய்கன் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தாள்.

வியாழன் காலையில் டாக்னி மஞ்சள் பட்டாணி சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, மூடியின் மேல் கை வைத்து நின்றாள். வழக்கமாகச் சமையல் நன்றாக வரவேண்டும் என்றுதான் ஜெபிப்பாள். இன்றைக்கு, ஆண்டவரே, பசி உள்ள ஒருத்தரைக் காட்டும் என்று கேட்டாள். அப்போதுதான் மூன்று நாளாகக் காதில் விழுந்துகொண்டே இருந்த வார்த்தை அவளுக்குக் கேட்டது.

"ஏலோப், எல்லாரும் வேற யாருக்காவதுன்னுதானே சொல்றாங்க? அந்த வேற யாரோ யாருன்னு உன் செயலிய கேக்கச் சொல்லேன்."

ஏலோப் "வேறொருவருக்கு" என்று ஒரு பட்டன் வைத்தான். அதுவும் சாம்பல் நிறம். பிற்பகலில் "மீதி: 1" வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ரூனே அதைத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் இங்கெயர்டுக்கு அனுப்பிவிட்டார். ஏலோப் எழுந்து நின்று கை தட்டினான்.

"உக்காருங்க" என்றார் ஹால்வர். "சாப்பிட்டாதான் கணக்கு."

இங்கெயர்டு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கா, என்னை யார் நினைத்தார்கள் என்று கண்ணைத் துடைத்தாள். ஆனால் கடைசிப் பங்கு என்று தெரிந்ததும் பெட்டியைத் திரும்ப மூடிவிட்டாள். கால் முறிந்து கிடக்கும் பேருந்து ஓட்டுநருக்கு அனுப்பினாள். ஒரு கிண்ணம் சூப்பை மட்டும் அனுப்பினால் என்ன நினைப்பார் என்று தன் பங்குக்கு ரொட்டி அடுக்கு ஒன்றையும் வைத்தாள். ஓட்டுநர் பன்றித்தொடைக் கறி சேர்த்து ஹெட்டா என்பவளுக்கு அனுப்பினார். ஹெட்டா வெகுநேரம் திரையைப் பார்த்தபடி இருந்தாள். வேலித் தகராறில் அவளும் தங்கை ஸ்வேயாவும் பேசி எத்தனையோ குளிர்காலம் ஆகிவிட்டது. பிறகு ஒரு ஜாம் புட்டியைப் பெட்டியில் வைத்து, தங்கையின் பெயரைத் தொட்டாள்.

ஸ்வேயா கதவைத் திறந்து, புட்டியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

"அவளா குடுத்தா?"

"அவளேதான்" என்றாள் மாய்கன். "சீக்கிரம் சொல்லு, கால் விறைக்குது."

ஸ்வேயா தான் சுட்டு வைத்திருந்த பான்கேக் முழுவதையும் அடுக்கினாள். பிறகு கேட்டாள்: "ஏன் மாய்கன், நாலு நாளா எல்லாருக்கும் பொங்கிப் போடுறாளே, டாக்னி சாப்பிட்டாளா?"

ஸ்வேயா டாக்னிக்கென்று அனுப்பிய பெட்டியோடு மாய்கன் திரும்பி வந்தபோது சறுக்கு நாற்காலி மூட்டை வண்டி மாதிரி இருந்தது. அதன் பின்னால், என்ன ஆகிறது என்று பார்க்க, அனுப்பியவர்களெல்லாம் வந்தார்கள். ஓட்டுநர் கட்டுப்போட்ட காலோடு வந்தார். அக்காவும் தங்கையும் தெருவின் இரண்டு ஓரங்களில் வந்தார்கள். யாரும் முதலில் நுழைய விரும்பாததால் எல்லோரும் வாசலில் நின்றார்கள்.

ஏலோப் பெட்டியைப் பிரித்து எண்ணிப் பார்த்து, நேர்மையாகத் திரையை மாற்றினான். "மீதி: 5."

ஹால்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "நாலு நாளா இதக் காலி பண்ணச் சொல்லிட்டிருக்கேன். நீங்க வளத்து வெச்சிருக்கீங்க."

"உள்ள வாங்க" என்று டாக்னி வாசலைப் பார்த்து அழைத்தாள். "அஞ்சு இருக்கு, கடைசி இல்ல."

அந்தச் சொல் கேட்டதுதான் தாமதம். நாலு பேர் நாலு தட்டைக் காலி செய்துவிட்டார்கள். பான்கேக், ஜாம், கறி, ரொட்டி எதுவும் மிஞ்சவில்லை. ரூனே அனுப்பிய சூப் கிண்ணம் மட்டும் மேசை நடுவில் இருந்தது. எல்லோரும் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தார்கள். ஹால்வரும் பார்த்தார்.

"டாக்னி, அது உனக்கு வந்தது" என்றாள் மாய்கன். "நான் உதைச்ச உதைக்கு நீ குடிச்சே ஆகணும்."

"சமைச்சவ சாப்பிட்டா கணக்குல வராதே."

ஹால்வர் பனியைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்களா எடுத்துக்கலயே. உங்களுக்கு வந்திருக்கு."

"இருந்தாலும், வேற யாருக்காவது..."

"அந்த வேற யாரோ நீதான் டாக்னி" என்றாள் ஹெட்டா. பக்கத்தில் நின்ற ஸ்வேயா, அக்கா பேச்சுக்குத் தலையசைத்தாள்.

டாக்னி உட்கார்ந்தாள். கொடுத்துத்தான் அவள் கைக்குப் பழக்கம். இப்போது கரண்டியைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். தலை குனிந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். சூப் ஆறிப்போயிருந்தது. ஊரெல்லாம் சுற்றி வந்த சூப் அல்லவா. அவள் முழுக்கக் குடித்தாள். அடியில் ஒரே ஒரு பட்டாணி கிடந்தது. அவள் கை தானாகக் கத்தியைத் தேடிப் போனது.

"வெட்டாதீங்கம்மா" என்றார் ஹால்வர், மெதுவாக.

அவள் அதை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். தேவாலயத்து மணி அடித்தது.

யாரும் கை தட்டவில்லை. ரூனே மட்டும் "பரவாயில்ல" என்றார். டாக்னிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"திங்கக்கிழமைலேருந்து முதியவங்க சாப்பாடு உங்களோடது" என்றார் ஹால்வர். "என் வேல முடிஞ்சுது. இனி லஞ்சம்னு யாரும் சொல்ல முடியாது." ஃபிளாஸ்கை மூடினார். "சாப்பிட ஏதாவது இருக்கா?"

பானை காலி. அதுதானே நிபந்தனை. டாக்னி சிரித்தபடி மாவைக் கரைத்து, ஒரே ஒரு பான்கேக் சுட்டு அவர் முன்னால் வைத்தாள். ஏலோப் வழக்கம் மாறாமல் திரையில் "மீதி: 1" என்று போட்டான்.

ஹால்வர் பான்கேக்கைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கத்தியை எடுத்து நேர் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மேசையின் மறுபக்கம் தள்ளினார்.

"ஏலோப், நீங்க இன்னிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அதுவரை அவனை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை.