சாம்பிள் பால்

சண்முகப்பிரியா வீட்டு ஹாலில், மொசைக் தரையில் விரித்த போர்வை மேல் செவலை நாய் படுத்திருந்தது. முன்னால் எவர்சில்வர் தட்டில் பால். அந்த வீட்டில் என் அம்மா இருபது வருஷமாகச் சாணி அள்ளுகிறாள். அவளுக்கான டம்ளர் மாட்டுக்கொட்டாய் கூரையில் தனியாகச் செருகியிருக்கும். ஹாலை அவள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. முதுகு வெந்து கிடக்கும் ஜீவனைப் பார்த்தா பொறாமை என்று கேட்பீர்கள். ஆமாம், அதைப் பார்த்துத்தான்.

துடியலூரை அடுத்த எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் நான் பாலின் கொழுப்பைச் சோதிக்கும் டெஸ்டர். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுத் தினக்கூலிக்கு நிற்கிறேன். டெஸ்ட் பார்த்த சாம்பிள் பாலைத் திரும்பக் கேனில் ஊற்றக் கூடாது. அதைத் தயிருக்கு வீட்டுக்குக் கொண்டுபோவது செயலாளர் செங்கோட்டையனின் வழக்கம். அதில் தினமும் ஒரு டம்ளர் எடுத்து செவலைக்கு ஊற்றிப் பழக்கியவள் நான். நேற்றுக் காலை அது எனக்காகக் காத்திருக்காமல் சாம்பிள் பால் வாளியிலேயே வாய் வைத்துவிட்டது. கேன் கழுவக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைச் செங்கோட்டையன் அதன் மேல் ஊற்றினார். நான் நாலடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

ஓடிய நாயைச் சாயங்காலம் வரை தேடினேன். அதற்குள் சண்முகப்பிரியா அதைக் காரில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து போட்டுவிட்டாள். நல்ல காரியம்தான். என்னிடம் கார் இல்லை.

காலேஜில் மூன்று வருஷம் ஒரே வகுப்பு. அவளுக்கு நான் நீ. எனக்கு அவள் நீங்க.

"போலீசுக்கு மனு எழுதியிருக்கறேன் மெர்சி. சாட்சிக் கையெழுத்துப் போடு. நாளைக்கு இன்னொரு நாய்க்கு இப்படி ஆகக்கூடாதில்ல?"

வாங்கிப் படித்தேன். 'அடையாளம் தெரியாத நபர்' என்றிருந்தது.

"ஊத்துனது உங்க மாமனுங்க."

"தெரியும். பேரப் போட்டா அம்மா சோறு திங்காது. பொதுவா எச்சரிச்சா பத்தாதா?"

"அடையாளம் தெரியாதவனை எந்த ஊட்டுக்குப் போயிங்க எச்சரிப்பாங்க?"

"உன்ற வேலை போயிரும் கண்ணு."

"போகுமுங்க. உங்களுக்கு என்னங்க போகும்?"

அவள் நாயின் காதைத் தடவினாள். அது கண்ணை மூடிக்கொண்டது. என்னிடம் அது பால் குடித்திருக்கிறது, ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை.

வேறு தாள் கேட்டு வாங்கி எழுதினேன். செயலாளர் பெயர், நேரம், கொதிக்கிற தண்ணீர். நாயைப் பாலுக்குப் பழக்கியவள் நான் என்பதையும் எழுதினேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்று போட்டேன்.

"செவலை, வா போலாம்."

வால் ஒரு தரம் அசைந்தது. பிறகு மூஞ்சியை சண்முகப்பிரியாவின் பாதத்தில் வைத்துக்கொண்டது.

நான் தனியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாய் யாருதும்மா?"

என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது.

"தெரு நாயுங்க. ஊத்துனவரு பேரு மூணாவது வரியில இருக்குதுங்க. படிங்க."