மழைக்காலம் தாங்க மாட்டான்

"இன்னைக்கு ஐஸ் வராதுங்க," என்றாள் தாசோம், அப்பாவின் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு. இரண்டு கைகளும் இரவல் கறுப்பு உடையின் நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"வராதா? கணவாய் பூரா கூடையில கிடக்குது. உங்கப்பன்கிட்ட குடு போனை." மீன் சந்தையின் இரைச்சலுக்கு மேலே ஒரு பெண் குரல் கத்தியது.

"அப்பா தவறிட்டாருங்க. விடிகாலையில."

அந்தக் குரல் தணிந்து, "எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்றது.

சொன்னாள். காலையிலிருந்து இதே கேள்விக்கு இதே பதில். கொரியாவின் பூசான் மீன் சந்தையில் பாதிக் கடைகளுக்கு ஐஸ் போட்டவர் அவள் அப்பா ஓ மன்சிக். விடியும் முன் வண்டியில் ஐஸ் பாளத்தை ஏற்றியவர், அதன் மேலேயே கவிழ்ந்துவிட்டார். பக்கத்துக் கடை போங் மாமாதான் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் மாரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் இழவு மண்டபத்துக்கு வழி காட்டினார்கள்.

நாடா ஒருவழியாக முடிச்சில் நின்றது. வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே அப்பாவின் படம். ஊதுபத்திப் புகை நேராக எழும்பி, ஏசிக் காற்றில் உடைந்தது. வருகிறவர்கள் படத்துக்கு இரண்டு முறை தரையில் விழுந்து வணங்குவார்கள். பிறகு மகன் பக்கம் திரும்பி ஒருமுறை. அந்த இடத்தில் தாசோம் நின்றுகொண்டிருந்தாள்.

"உன் தம்பி எங்க?" பெரியப்பா வந்ததும் வராததுமாகக் கேட்டார். அப்பாவின் அண்ணன். மலைப்பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். நல்ல கோட்டு, நசுங்கிய காலர். "தம்பி சாவுக்கு அண்ணன்காரன் நான் நின்னு கும்பிடு வாங்குறதா? பொம்பளப் பிள்ளைய நிக்க வெச்சிருக்கீங்க. எங்க அவன்?"

தாசோமின் வாய் முந்திக்கொண்டது. "அவனுக்கு இன்னும் சொல்லல, பெரியப்பா."

"சொல்லலையா?"

"இன்னைக்குத்தான் ஊர் அணியில அவனுக்கு முதல் பேஸ்பால் ஆட்டம். முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு..."

"அப்பன் செத்ததை மகனுக்குச் சொல்லாம இருக்கிறதுக்கு நீ யாரு?" பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. "உன்னை வளர்த்தவன் சரியில்ல. அவனும் போய்ச் சேர்ந்துட்டான். யாரைக் கேக்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு இறங்கியது, சுமந்துவிடலாம். விடிந்ததும் அவள் முதலில் கூப்பிட்டதே தம்பியைத்தான். செய்தியைக் கேட்டதும் கியோம், எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டான். "வண்டி பிடிச்சு வாடா, பக்கம்தானே," என்றாள். ஆட்டம் நடக்கும் மைதானம் இதே ஊரில், குன்றுக்கு அந்தப் பக்கம். "ஆட்டம் முடிஞ்சு வர்றேன்க்கா," என்று வைத்துவிட்டான்.

அவன் வருவான் என்று அவள் அடித்துச் சொல்லியிருப்பாள். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது, அவன் சட்டையின் செம்மண் கறையைத் தேய்த்தது எல்லாம் இவள். அவனைத் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

தனக்கும் அவனைத் தெரியும் என்றுதான் ஊரும் நினைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட ஆட்டங்களில் அவன் குந்தியிருந்து பந்து பிடித்ததையும், பந்து எறியும் சமயம் பார்த்து அடுத்த தளத்துக்குத் திருட்டோட்டம் ஓடியவர்களை இரண்டாம் தளத்தில் வைத்து அவுட்டாக்கியதையும் பார்த்து, இந்த வருஷத்துப் புதுமுக கேட்சர்களிலேயே இவன்தான் முதல் என்று பத்திரிகைகள் எழுதின. எத்தனை ஹோம் ரன் அடிப்பான், எப்போது நாட்டு அணிக்குப் போவான் என்று ஆளாளுக்கு ஜோசியம். ஊர் அணி அவனை எடுத்த அன்று டிவிக்காரர்கள் ஐஸ் கிடங்குக்கே வந்துவிட்டார்கள். மகன் எப்படி ஆடுவான் என்று மைக்கை நீட்டினார்கள். அப்பா ஐஸ் அறுப்பதை நிறுத்தவில்லை.

"அடிப்பான். எறிவான். ஆனா மழைக்காலம் தாங்க மாட்டான். அதுக்குள்ள ரெண்டாம் அணிக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க."

அந்தத் துண்டுக் காட்சியை நாடே பார்த்துச் சிரித்தது. கியோம் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு அணியின் விடுதிக்குப் போனவன், அப்புறம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. வழக்கமான கேட்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் இன்றைக்கு அவனுக்கு இடம் கிடைத்தது.

பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தாழ்ந்த மேசைகளைச் சுற்றி ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மிளகாய் மிதக்கும் மாட்டிறைச்சி சூப், சோறு, வேர்க்கடலை, சோஜு சாராயம். தாசோமால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. படத்துக்கும் கூடத்துக்கும் அலைந்தாள். யாரும் கேட்காமலே தட்டுகளை அடுக்கினாள், அடுக்கியதைப் பிரித்தாள். சுவர் டிவியில் ஆட்டம் தொடங்கியிருந்தது.

"சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கிறோம்மா," என்றார் போங் மாமா. அவரும் டாக்ஸி ஓட்டும் சோக்கும் அப்பாவின் முப்பது வருஷத்துச் சேக்காளிகள். "அவனைப் பார்க்காம எப்படி இருக்கிறது?"

பெரியப்பா டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

முகக்கவசமும் மார்க்கவசமுமாகக் கியோம் குந்தியிருந்தான். கையுறைக்குள் பந்து வந்து விழும் ஓசை மட்டும் லேசாகக் கேட்டது. முதலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. திருட்டோட்டம் ஓடிய ஒருவனை எழுந்த வேகத்தில் எறிந்து வீழ்த்தினான். சோக் மாமா மேசையைத் தட்டப் போனவர், இடம் உறைத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது வர்ணனையாளர் குரல் தாழ்ந்தது. "இன்று காலை தன் தந்தையை இழந்த செய்தி கிடைத்தும், வீட்டுக்குப் போகலாம் என்று பயிற்சியாளர் சொல்லியும், இந்த இளைஞர் ஆடுவதாகவே..."

பெரியப்பா மெல்லத் திரும்பி டிவியைப் பார்த்தார். பிறகு தாசோமை.

"காலையிலயே தெரியுமா அவனுக்கு?"

"தெரியும்."

"சொல்லலைன்னியே."

"அவனைத் திட்டுவீங்கன்னு சொன்னேன், பெரியப்பா."

அவர் எழுந்து கத்தியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒரு குவளையில் சோஜுவை ஊற்றிக் குடித்தார். "வரட்டும்," என்றார். "வாசல்ல நான் நிக்கிறேன். உள்ள விட்டாத்தானே."

டிவியில், மூன்றாம் தளத்தில் எதிரணிக்காரன் ஒருவன் காத்திருக்க, பந்து தரையில் குத்தி வந்தது. கியோமின் முகம் கண்ணிமைக்கும் நேரம் விலகியது. பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து பின்னால் ஓடியது. காத்திருந்தவன் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டான்.

"மன்சிக் சொன்னானே," என்றார் சோக் மாமா.

"வாயை மூடுறியா," என்றார் போங் மாமா.

"சொன்னானா இல்லையா? நாம மூணு பேரும் மீன் விருந்துக்குப் பந்தயம் கட்டினோம். நீயும் நானும் பய ஜெயிப்பான்னு. பெத்தவன் மட்டும் தோப்பான்னு."

தாசோம் தட்டோடு நின்றுவிட்டாள். "பந்தயமா? அப்பா டிவியில சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லலையா?"

போங் மாமா வேர்க்கடலைத் தோலை ஊதித் தள்ளினார். "நான் கேட்டேம்மா, ஏன்டா பெத்த பிள்ளைக்கு எதிரா கட்டுறேன்னு. ஊரே அவன் தலையில ஏறி உக்காந்திருக்கு, ஒருத்தனாவது அவன்கிட்ட எதையும் எதிர்பார்க்காம இருக்கணும்டா, அப்படின்னான்."

"எங்கிட்ட அப்படிச் சொல்லல," என்றார் சோக் மாமா. "தரையில குத்துற பந்துக்கு முகத்தைத் திருப்புறான், அது நம்ம ரத்தம், எனக்கும் பள்ளிக்கூடத்துல அதே வியாதிதான், மாறாதுன்னான்."

"குடிச்சிட்டுச் சொல்லியிருப்பான்."

"உங்கிட்ட மட்டும் குடிக்காமச் சொன்னானா?"

இரண்டில் எது அப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை. படத்தைப் போய்ப் பார்த்தாள். ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த படம். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மாடிப்படி வரை நடந்தாள், திரும்பினாள். மீண்டும் கைப்பேசி. "ஐஸ் வராதுங்க."

திரும்பி வந்தபோது மறுபடியும் ஒரு பந்து மண்ணைக் குத்தியது. கியோம் முழங்காலில் விழுந்து மாரால் தடுத்தான். அடுத்ததையும். அதற்கடுத்தது மட்டையின் விளிம்பில் உரசி வந்து அவனது வலது கட்டைவிரலில் அறைந்தது. பயிற்சியாளர் ஓடிவந்தார். கியோம் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, திரும்பவும் குந்தினான். பெரியப்பா எப்போது டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். இரண்டாம் தளத்தில் ஒருவன் நிற்க, மட்டையோடு கியோம் வந்தான். இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு அவன் ஒன்றும் அடித்திருக்கவில்லை. கூடத்தில் மேசை மேசையாக எழுந்து நின்றார்கள்.

"அவசரப்படாதடா," என்றார் பெரியப்பா, மூச்சுக்கும் கேட்காத குரலில்.

பந்து உயரே போனது. போய்க்கொண்டே இருந்தது. வேலியோரம் பின்னாலேயே ஓடிய ஒருவன், சுவரில் முதுகு முட்ட, அதைப் பிடித்தான்.

"ஒரு முழம் தள்ளிப் போயிருந்தா ஹோம் ரன்," என்றார் சோக் மாமா.

"முழம்கூட இல்ல."

"அப்ப விருந்து யாரு வைக்கிறது?"

"மழைக்காலம் இன்னும் வரலையேடா." போங் மாமா டிவியை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார். "பந்தயம் கட்டினவனும் இல்ல."

வெயில் சாயும் நேரத்தில் கியோம் வந்தான். அணியின் பயிற்சி உடை, ஈரத் தலை, துணி சுற்றிய கட்டைவிரல். சொன்னபடியே பெரியப்பா வாசலில் நின்றார். அவன் குனிந்து வணங்கினான். அவர் அந்த விரலைப் பார்த்தார்.

"முதல்ல உங்கப்பனைப் பாரு," என்று நகர்ந்து வழிவிட்டார்.

ஊதுபத்தியை அவனால் பிடிக்க முடியவில்லை. தாசோம் பற்றவைத்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சாம்பலில் நட்டாள். முதல் முறை விழுந்து எழுந்தான். இரண்டாவது முறை நெற்றி தரையில் பட்டதோடு அப்படியே கிடந்தான். அவள் காத்திருந்தாள்.

"எந்திரிடா."

"முடியலக்கா. முட்டி பூட்டிக்கிச்சு."

நிஜமா என்று அவள் கேட்கவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கனத்தான். இரண்டு பேரும் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்கள். கும்பிட வந்த ஒரு தம்பதி, இவர்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே தயங்கி நின்றது.

"ஏன்டா வரல?" காலையிலிருந்து வைத்திருந்த கோபம் முழுதும் அதில் இருந்தது. ஆனால் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவன் துணி சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கன்னா மூஞ்சில கவசம் இருக்கும்க்கா."

அவள் எழுந்து, வந்தவர்களை உள்ளே கூப்பிட்டாள். மகன் நிற்க வேண்டிய இடத்தில் கியோம் நின்றான், கால்களை அகட்டி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. அவர்கள் வணங்கிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள்.

அவனுக்குச் சூப் கொண்டுவரலாம் என்று தாசோம் கூடத்துப் பக்கம் நடந்தாள். வாசலில் வந்தவர்களின் காலணிகள் குவிந்து கிடந்தன. பெரியப்பா அங்கே தனியாகக் குந்தியிருந்தார். அவர் கையில் கியோமின் பெரிய விளையாட்டுக் காலணி ஒன்று. படியின் விளிம்பில் அதைத் தட்டினார். மைதானத்துச் செம்மண் கட்டியாக உதிர்ந்தது. சந்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். பிறகு மற்றதையும் எடுத்துத் தட்டி, ஜோடியைத் தன் பழைய தோல் காலணிக்குப் பக்கத்தில், முனை வெளியே பார்க்கும்படி வைத்தார்.