மாடிப்படிக்கு விழுந்த தடை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கைப்பேசி விளையாட்டில் அவரைத் தடை பண்ணிவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயசு மனுஷர், மொட்டை மாடி மோட்டார் அறையில், கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'சக ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்ததால், மாடிப்படி என்ற உங்கள் கணக்கு ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று போட்டிருந்தது.

மாடிப்படி என்பது விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர். லிஃப்ட் வேலை பார்க்கிற ஆளுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அவருக்கு அது பெரிய நகைச்சுவை.

"நான் யாரைடா தொந்தரவு பண்ணேன்? எந்த வீணாப்போனவன் புகார் குடுத்தான்?" என்று மச்சினன்மேல் பாய்ந்தார். மச்சினன் அவர் மனைவியின் தம்பி. அவரோடு சேர்ந்து லிஃப்ட் வேலை பார்க்கிறவன். விளையாட்டை அவர் கைப்பேசியில் ஏற்றி, சுடுவது எப்படி, ஒளிவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான்.

"யாருன்னு சொல்ல மாட்டாங்க அத்தான். சொன்னா நீங்க அவனைப் போய் அடிப்பீங்க இல்ல?"

"அவன் பாட்டுக்குப் பொய் சொன்னா?"

"ஒருத்தன் பட்டனை அமுக்கின உடனே தூக்கிட மாட்டாங்க. ஆடின ஆட்டமெல்லாம் பதிவாகி இருக்கும். அதை ஓட்டிப் பாக்கறதுக்கே ஆள் வெச்சிருக்காங்க. பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க."

"பாத்தாங்கன்னா தெரியுமே! நான் யாரையாவது சுட்டேனா? மருந்துப் பொட்டலம் குடுத்தேன்டா!"

அது உண்மை. நான்கு மாதமாக அந்த விளையாட்டில் அவர் செய்தது அது ஒன்றுதான். கடுகு என்று ஒரு பெண் ஆடுவாள். சின்ன உருவம், படு சுறுசுறுப்பு. சாயங்காலம் அவள் எந்த ஆட்டத்துக்கான அறைக்குள் நுழைகிறாளோ அதே அறைக்குள் இவரும் நுழைவார். இடிந்த வீடு, பாழடைந்த கிடங்கு எல்லாம் தேடி மருந்துப் பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் கொட்டுவார். அவளைக் குறிபார்த்து எவனாவது வந்தால் குறுக்கே விழுந்து செத்துப்போவார். செத்ததும் சிரித்துக்கொள்வார்.

மச்சினன் மேல்முறையீடு எழுதி அனுப்பினான். 'நான் உதவிதான் செய்தேன்' என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தான். வேலை முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பதிவுகளை மீண்டும் பார்த்தார்களாம், தடை சரிதானாம்.

"அத்தான், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. யாரு அந்தக் கடுகு? ஏன் அவ பின்னாடியே சுத்தினீங்க?"

அவர் ஸ்பேனரை எடுத்து, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இன்னும் இறுக்கினார்.

கடுகு அவர் பெற்ற மகள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், கிடைத்த வங்கி வேலையை உதறிவிட்டு, போட்டிகளில் ஆடுகிற ஒரு விளையாட்டுக் குழுவில் சேரப்போவதாக மகள் வந்து நின்றாள். இவருக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. "விளையாடிக்கிட்டுத் திரியறவங்களுக்கு என் வீட்ல இடமில்ல" என்று கத்தினார். அப்பன் பிடிவாதத்தில் பாதியாவது மகளுக்கு இருக்காதா? பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. அவள் அழைக்கிற நேரம் இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அவளாகப் பேசட்டும் என்று இவர், அவராகப் பேசட்டும் என்று அவள். இந்த வீம்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஒருநாள் மனைவி யாரிடமோ, "அதுல அவ பேரு கடுகாம்" என்று சொன்னது காதில் விழுந்தது. மறுநாளே மச்சினனைப் பிடித்து விளையாட்டை ஏற்றிக்கொண்டார். முதல் வாரம் கதவைத் திறக்கத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். பிறகு ஒரு சாயங்காலம் அவள் குரல் கேட்டது. அறையில் எல்லோரும் மைக்கில் பேசிக்கொள்வார்கள். "இடது பக்கம் வாங்க, இடது பக்கம்!" என்று அவள் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். இவர் கைப்பேசியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். தன் மைக்கை மட்டும் அணைத்தே வைத்திருந்தார், குரலைக் கண்டுபிடித்துவிடுவாளே.

போன வாரம் அவள் நேராக இவரிடமே பேசினாள். "மாடிப்படி, உங்களைத்தான்!" என்றாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. குதிக்கிற பட்டன் ஒன்று உண்டு, அதை அமுக்கு அமுக்கு என்று அமுக்கிக் குதித்தார். அவள் இன்னும் என்னவோ சொன்னாள். இவர் இன்னும் குதித்தார்.

இனி ஒரு மாதத்துக்கு அந்தக் குரல் கிடையாது. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மகள்தான். எழுந்து பால்கனிக்குப் போகவேண்டிய மனுஷருக்கு அன்று எழ மனம் வரவில்லை.

"அம்மா, இன்னைக்குத்தான் நிம்மதியா விளையாடினேன். ஒரு பீடை ஒழிஞ்சுது."

"என்னடி பீடை?"

"ஒருத்தன்மா. எந்த ரூமுக்குப் போனாலும் பின்னாடியே வருவான். வாயைத் திறக்க மாட்டான். மருந்து மருந்தா கொண்டுவந்து கால்ல கொட்டுவான். 'வராதீங்க, பயமா இருக்கு'ன்னு சொல்லியே பாத்துட்டேன். அதுக்குக் குதிக்கறாம்மா, சந்தோஷமா! எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. புகார் பண்ணேன். நடவடிக்கை எடுத்துட்டோம்னு இன்னைக்கு மெசேஜ் வந்துச்சு."

கத்தி பலகைமேல் நின்றுவிட்டது. "ஐயோ, வீடு தெரிஞ்சு வந்துடுவானாடி?"

"அதாம்மா பயமே. கதவைத் தாழ் போட்டுட்டு, மறுபடி எழுந்து எழுந்து பாக்கறேன். ஒரு மாசம்தான் தடையாம். அப்புறம் திரும்ப வருவானே."

நாற்காலியில் இருந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மத்தியானத்திலிருந்து யாரைத் திட்டிக்கொண்டிருந்தார்? யாரிடம் நியாயம் கேட்டார்? பெற்ற பெண் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நடுங்கியிருக்கிறாள், தன்னை நினைத்து. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் தினமும் அந்தத் தாழைப் பார்த்துக்கொண்டல்லவா இருப்பாள்.

எழுந்துபோய்க் கைப்பேசியைக் கையில் எடுத்தார். மனைவி திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"அவன் வர மாட்டாம்மா."

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "அப்பா?"

"அது நான்தான். மாடிப்படி நான்தான்."

"அட கடவுளே!" என்று மனைவி தலையில் கை வைத்தாள்.

"நீங்களாப்பா?" மகளின் குரல் உடைந்தது. "நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? வராதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! காது கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டுச்சும்மா. உன் குரல்தான் கேட்டுச்சு. நீ என்ன சொல்றேன்னு நான் கேக்கல." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சுடும்மா. எல்லாத்துக்கும்தான்."

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே ஒரு சிரிப்பும் வந்தது. "மாடிப்படின்னு பேரைப் பாத்தப்பவே யோசிச்சிருக்கணும். இப்படி ஒரு மொக்கை ஜோக்கை வேற யாரு அடிப்பா?" மூக்கை உறிஞ்சினாள். "தப்பா புகார் பண்ணிட்டேன்னு எழுதட்டுமாப்பா? தடையை எடுத்தாலும் எடுப்பாங்க."

"வேண்டாம். நீ பண்ணது சரிதான். வேற எவனாவது அப்படி வந்தாலும் பண்ணு." கொஞ்சம் தயங்கினார். "புதுசா ஒரு கணக்கு தொடங்கலாம்னு உன் மாமன் சொல்றான்..."

"அப்பா! தடை இருக்கறப்ப இன்னொரு கணக்கு தொடங்கினா அதையும் தூக்கிடுவாங்க. நானே புகார் குடுப்பேன், பாத்துக்கங்க."

"சரி, சரி. அப்ப ஒரு மாசம் நான் என்னதான் பண்றது?"

"நாளைக்கு இதே நேரம் கூப்பிடறேன். பால்கனிக்கு ஓடாம இருங்க."

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடித்த அடியிலேயே எடுத்தார். எடுத்துவிட்டார், என்ன பேசுவதென்று மட்டும் தெரியவில்லை.

"அப்பா," என்றாள் அவள். "மைக் ஆன்ல இருக்கா?"

"இருக்கும்மா," என்றார்.