சோலைராஜ் கொடுத்த இரண்டு சர்டிபிகேட்

சோலைராஜ் அண்ணாச்சியை நான் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம்.

எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் பதினோரு வருஷம் மருந்து கலக்கினேன். குச்சியின் தலையை முக்கி எடுக்கிற மருந்து. மழைக்காலத்தில் கரிசல் ஈரம் ஷெட்டுக்குள் ஏறிவிட்டால் மருந்து லேசில் காயாது. உரசினால் தலை பிய்ந்துகொண்டு போகும். அன்றைக்குத் தண்ணீரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கரண்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இரண்டு தடவை கை வெந்துதான் அதைக் கற்றுக்கொண்டேன்.

கழுகுமலைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை காலி, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"ஏட்டி தஸ்னீம், எக்ஸ்பீரியன்ஸுன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு? படிச்சவன் செஞ்சா அது எக்ஸ்பீரியன்ஸ். நீ செஞ்சது வேலை. கூலி வாங்கிட்டல்லா, அதோட முடிஞ்சி போச்சி."

நான் விடவில்லை. மூன்று நாள் அவர் அறை வாசலில் நின்றேன். நாலாம் நாள், கம்பெனித் தாளில் இங்கிலீஷில் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. சீல் விழுந்த தாள் கையில் கிடைத்துவிட்டால் எங்கள் ஆட்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்; நேரே பஜாருக்குப் போய் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். நானும் போட்டேன்.

கழுகுமலை மானேஜர் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இதுல, நீங்க ரெண்டு வருசம் எடுபிடி வேலை பாத்தீங்க, மருந்து வேலையில எக்ஸ்பீரியன்ஸ் கெடையாதுன்னு எழுதியிருக்கும்மா."

பின்னால் வரிசையில் நின்ற பெண்களெல்லாம் கேட்டார்கள். யா அல்லாஹ், அந்த அவமானம்! பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளைக் கிழித்துப் போடப் பார்த்தேன். லேமினேஷன் போட்டதால் அது கிழியவும் இல்லை.

அப்புறம் அண்ணாச்சி ஆபீஸ் வாசலை மிதிக்கவில்லை; மூன்று வருஷம் கடலைமிட்டாய்க்குக் கவர் ஒட்டினேன்.

போன ஐப்பசி மழையில் அண்ணாச்சியின் கார் எங்கள் தெருவில் வந்து நின்றது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வருகிறதாம். அதற்கு முன்னால், ஆர்டர் கொடுக்கிறவர்கள் சார்பில் சென்னையிலிருந்து சுகுணா என்ற அம்மா ஆபீஸைச் சோதிக்க வருகிறாராம். மருந்து கலக்குகிற ஆளுக்குப் பத்து வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்க வேண்டும், அந்த ஆளோடு நேரில் பேச வேண்டும் என்று நிபந்தனை. அண்ணாச்சியிடம் இருந்தவர்கள் எல்லாம் புது ஆட்கள்.

"தஸ்னீம்மா, ஒரே ஒரு நாள் வந்து நில்லுங்க. இன்னும் இங்கனதான் வேலை செய்யுதேன்னு சொன்னாப் போதும்."

நில்லுங்களாம்! 'ஏட்டி' எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

"வாரேன் அண்ணாச்சி. ஆனா எனக்கு சர்டிபிகேட் வேணும். பதினோரு வருசம், மருந்து வேலை. சேந்த தேதி, நின்ன தேதி எல்லாம் நெசமா இருக்கணும். கழுகுமலையில அந்த வேலை மறுபடியும் காலியாக் கெடக்கு."

அன்று சாயங்காலமே தாள் வந்தது. இந்தத் தடவை நான் பஜாருக்கு ஓடவில்லை. பக்கத்து வீட்டு அர்ஃபா காலேஜில் படிக்கிறவள். அவளை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

சுகுணா அம்மா வந்த அன்றும் தூறல். "இந்த ஈரத்துல மருந்தை எப்படிக் கலப்பீங்க?" என்று கேட்டார். கலக்கியே காட்டினேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"மூணு வருசமா நான் இங்கன இல்லம்மா. இன்னைக்கி ஒரு நாளைக்குக் கூட்டியாந்திருக்காவ." பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து மேஜையில் வைத்தேன். "ரெண்டுலயும் அண்ணாச்சி கையெழுத்துதான். எது நெசம்னு அவியகிட்டயே கேளுங்க."

சுகுணா அம்மா இரண்டையும் நிதானமாக வாசித்தார். "எது சார் உண்மை?"

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. "ரெண்டாவதுதான் மேடம். மருந்து வேலையில இவளுக்கு நல்ல எக்ஸ்பீரியன்ஸ்."

ஷெட்டில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். மூன்று வருஷமாக எரிந்த என் வயிறு அப்போதுதான் குளிர்ந்தது.

"அப்ப மொதல்ல எழுதினது பொய். இன்னைக்கு ஆளை நிறுத்தினதும் பொய். இந்த ஃபைல்ல இருக்கற மத்தத் தாளை நான் எப்படி நம்பறது?" என்று ஃபைலை மூடி அண்ணாச்சியிடமே தள்ளினார்.

நல்ல தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழையதை அந்த மேஜையிலேயே விட்டுவிட்டேன். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அண்ணாச்சி ஓடி வந்தார்.

"ஏட்டி, நன்றி கெட்டவளே! ஆர்டர் போச்சேட்டி!"

"வேலைக்குக் கூப்பிட்டீங்க, வந்தேன். கூலி வாங்கிட்டேன். அதோட முடிஞ்சி போச்சி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கழுகுமலை பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.