ஆறாவது மூடி

"ஆறாவது மூடி சத்தம் போட்டா அந்தச் சீட்டுல ஒரு கோடு போடு. மறந்துடாத," என்றாள் என் மனைவி வெர்னா.

சமையல் மேடையில் துண்டு விரித்து, அதன் மேல் தக்காளி அடைத்த ஆறு கண்ணாடி பாட்டில்கள் ஆறிக்கொண்டிருந்தன. கொதிநீரிலிருந்து எடுத்த பாட்டில் ஆற ஆற, மூடியின் நடுப்பகுதி உள்ளே இழுபட்டு 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். காற்று புகாமல் மூடிக்கொண்டது என்று அர்த்தம். அதுவரை ஐந்து சத்தங்கள் வந்திருந்தன. பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய சீட்டில் ஐந்து கோடுகள் போட்டிருந்தாள்.

"நான் படிச்சிட்டிருப்பேன். காதுல விழலேன்னா?"

"முப்பது வருஷம் பள்ளிக்கூட லைப்ரரில உட்கார்ந்து, கடைசி வரிசையில எவன் சூயிங்கம் மெல்றான்னு கண்டுபிடிச்ச ஆளு நீ. இது விழாதா?"

பேசிக்கொண்டே கட்டைவிரலால் போனில் எதையோ தட்டி முடித்தாள். பிறகு போனைச் சார்ஜரில் செருகிவிட்டு வினிகர் வாங்கக் கிளம்பினாள். "போன் வேண்டாமா?" என்று கேட்டேன். "வினிகர் கேட்க போன் எதுக்கு?" என்றாள்.

விவசாயப் பொருள் கடையின் கார் நிறுத்துமிடத்தில், சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவள் இதயம் நின்றுவிட்டது. வினிகர் வாங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஷெரிப் அலுவலகத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னார். அது வியாழக்கிழமை. ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம்.

வெர்னா எங்கள் ஊரிலிருக்கும் டன்லீவி மூடி கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒஹையோவில் எங்கள் பக்கம் தவிர வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத சின்ன கம்பெனி. பாட்டில் மூடிகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். கம்பெனி இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, அதையொட்டி வீட்டில் காய்கனி பதப்படுத்துகிறவர்களுக்கு ஒரு குழுவும் ஆரம்பித்தபோது, கேள்விகள் மூட்டை மூட்டையாக வந்தன. மார்க்கெட்டிங் பிரிவில் பதில் தெரிந்தவர் யாரும் இல்லை. கடைசியில் வெர்னாவைக் கூட்டி வந்து கணினி முன்னால் உட்காரவைத்தார்கள்.

கம்பெனியின் பெயரில்தான் எழுத வேண்டும். ஆனால் எழுதியவர் யார் என்று தெரிய, பதிலின் கடைசியில் ஒரு சின்னக் கோடும் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். அவளுடையது "– வெ.ஹே." வெர்னா ஹேகன். நாற்பதாயிரம் பேர் இருந்த அந்தக் குழுவில், கம்பெனி என்றால் வெ.ஹே.தான்; அது வெர்னா என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். "நீ ஒரு மூடிகூட விக்கிறதில்லையே, எதுக்குச் சம்பளம்?" என்று சீண்டுவேன். "ஒருத்தரும் சாகாம பாத்துக்கறேன். செத்துட்டா அப்புறம் யாரு மூடி வாங்குவா?" என்பாள்.

குழுவில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டில்களை எடுத்து வைத்ததும் சத்தங்களை எண்ணி எழுதுவார்கள்: பன்னிரண்டுக்குப் பதினொன்று, எட்டுக்கு எட்டு. முழுசாக வந்துவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். போன வருடம் கம்பெனி வெளியூர் விளம்பர நிறுவனம் ஒன்றை வைத்தது. அவர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: யாராவது முழு எண்ணிக்கை எழுதினால் கம்பெனிப் பக்கமே தானாக வாழ்த்துச் சொல்லும். கையெழுத்து இருக்காது.

வெர்னா அதை எதிர்த்துச் சண்டை போட்டாள். மார்க்கெட்டிங் பொறுப்பிலிருந்த டெஸ் என்ற பெண், நல்ல பெண்தான், அன்று எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒரு உற்சாகம்தானே வெர்னா? ஜனங்களுக்குப் பிடிக்குது. போன மாசம் கமெண்ட் ரெண்டு மடங்கு."

"மூடி மூடிக்கிச்சுன்னுதான் மூடிக்குத் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு என்னம்மா தெரியும்?"

"நீங்க கீழ திருத்தி எழுதிட்டாப் போச்சு."

"நான் எப்பவும் இருப்பேனா?" என்றாள் வெர்னா. லீவில் போவதைப் பற்றித்தான் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லை. சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் மூன்று தட்டு நூடுல்ஸும் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சாலட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சார்ஜரில் இருந்த அவள் போன் அதிர்ந்தது. கடவு எண் எனக்குத் தெரியும். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. அணைத்து வைக்க நினைத்திருப்பேன்.

ஐடஹோவிலிருந்து டார்லா என்ற பெண் எழுதியிருந்தாள். மேலே போய் முதலிலிருந்து படித்தேன். வியாழக்கிழமை காலை, ஜன்னலோரம் வரிசையாக வைத்த ஏழு பாட்டில் பச்சை பீன்ஸின் படம். "முதல் தடவை செய்றேன். சரியா இருக்கா?"

அதற்குக் கீழே பத்து நாற்பதுக்கு வந்த பதில்: "அழகா அடுக்கியிருக்கீங்க டார்லா. பிரஷர் குக்கர்ல வெச்சீங்களா, வெறும் தண்ணியில கொதிக்க விட்டீங்களா? எனக்கு அது தெரியணும். நான் பதில் சொல்ற வரைக்கும் ஒண்ணையும் திறக்காதீங்க. – வெ.ஹே."

கட்டைவிரலால் அவள் தட்டிக்கொண்டிருந்தது இதுதான்.

இருபது நிமிடம் கழித்து டார்லா: "வெறும் தண்ணிதான், மூணு மணி நேரம். எங்க மாமியார் நாப்பது வருஷமா இப்படித்தான் செய்றாங்க. ஏழுக்கு ஏழு!"

உடனே கம்பெனிப் பக்கம்: "ஏழுக்கு ஏழு! கலக்கிட்டீங்க!" பக்கத்தில் பலூன்கள்.

சனிக்கிழமை, இப்போது வந்தது: "பதிலுக்கு நன்றி வெர்னாம்மா! நாளைக்குப் பையன் கடற்படையிலேருந்து லீவுல வர்றான். சர்ச் முடிஞ்சு பதினாலு பேருக்குச் சாப்பாடு. அப்பத்தான் திறக்கப் போறோம்."

வெர்னாவோடு முப்பத்தாறு வருடம் சாப்பிட்டவனுக்கு இது விளங்காமல் இருக்காது. தக்காளியும் பழங்களும் புளிப்பு, கொதிநீர் போதும். பீன்ஸில் புளிப்பு கிடையாது. அதில் இருக்கக்கூடிய கிருமி சாதாரணக் கொதியில் சாகாது; காற்றில்லாத இடத்தில் சுகமாக வளரும். வாசனை மாறாது, நிறம் மாறாது. சாப்பிட்டவனின் கண்ணிமை முதலில் தொங்கும், கடைசியில் மூச்சுத்தசை நின்றுபோகும். மூடி இறுக மூடியிருப்பது அதற்கு வசதி.

என் பெயரில் இருந்த கணக்கிலிருந்து முதலில் எழுதினேன். அவற்றைச் சாப்பிட வேண்டாம், ஆபத்து என்று.

டார்லா உடனே பதில் போட்டாள். "லோவெல் ஐயா, உங்க படத்துல ஒரு நாய்தான் இருக்கு. கம்பெனியே கலக்கிட்டீங்கன்னு சொல்லியாச்சு. நாய் சொல்றதையா கேக்கறது?"

இன்னொருவர் நடுவில் புகுந்தார்: "எங்க வீட்லயும் தண்ணிதான். எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி இருக்கோம். பயமுறுத்தறதுக்குன்னே சிலர் வருவாங்க, விடுங்க."

டெஸ்ஸுக்கு போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் அழுதாள். அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஏரில படகுல இருக்கேன் லோவெல். பக்கத்தைத் திறக்கவே முடியல, சிக்னல் வந்து வந்து போகுது. திங்கட்கிழமை முதல் வேலையா..."

"நாளைக்கு மத்தியானம் சாப்பிடப் போறாங்க, டெஸ்."

"வெர்னா பத்தி கம்பெனி இன்னும் வெளில எதுவும் சொல்லல. வக்கீல் பார்த்துத்தான் போடணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவங்க போன் உங்க கையிலதானே இருக்கு? கம்பெனிப் பக்கம் அதுல திறந்தே இருக்கும். அவங்களே எழுதின மாதிரி எழுதிடுங்க. கீழ வெ.ஹே.ன்னு போட்டுடுங்க. நான் கேக்கல, நீங்க சொல்லல."

அது சுலபமான வழி. சமையல் மேடை அருகே நின்று அப்படியே எழுதினேன். "டார்லா, அதை எல்லாம் தூக்கிப் போட்டுடுங்க." கோடு போட்டேன். வெ. போட்டேன். அதோடு விரல் நின்றுவிட்டது. படித்துப் பார்த்தவர் இவர், இந்தப் பதிலுக்கு இவர் பொறுப்பு என்று சொல்வதற்குத்தான் அந்த இரண்டெழுத்து. டார்லாவின் பதிலை வெர்னா படிக்கவே இல்லை.

மனத்தின் இன்னொரு பக்கம் அவளே திட்டினாள்: பதினாலு பேரு சாப்பிட உட்காரப் போறாங்க, நீ எழுத்தை எண்ணிட்டு நிக்கிற.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கம்பெனிப் பக்கத்திலிருந்தே இப்படி எழுதினேன்.

"டார்லா, நான் வெர்னாவின் கணவன். நீங்கள் எழுதிய பதிலை அவள் பார்க்கவில்லை. உங்களிடம் கேள்வி கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவள் அன்று காலையே இறந்துவிட்டாள். 'கலக்கிட்டீங்க' என்று வந்ததை மனிதர் யாரும் எழுதவில்லை. எண்ணைப் பார்த்து இயந்திரம் போட்டது. வெர்னா யாருக்காவது கடைசியாக எழுதியது, நான் பதில் சொல்லும்வரை திறக்காதீர்கள் என்று உங்களுக்கு எழுதியதுதான். அந்தப் பதில் என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பீன்ஸை வெறும் தண்ணீரில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் போதாது. திறக்காதீர்கள், ருசி பார்க்காதீர்கள். பாட்டிலோடு கனமான பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். – லோவெல் ஹேகன்."

அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. நூடுல்ஸைக் கொஞ்சம் சாப்பிட்டேன். மரத்தூள் மாதிரி இருந்தது.

பிறகு ஒரு படம் வந்தது. கறுப்புப் பை, வாயை டேப்பால் சுற்றிக் கட்டி, மேலே வெள்ளைப் பேனாவால் மண்டையோடு வரைந்திருந்தது. கீழே டார்லா எழுதியிருந்தாள்: "ஏழும் உள்ள இருக்கு. மாமியார் என்கிட்ட பேசறதில்லைன்னு உட்கார்ந்திருக்காங்க, அதுவும் நல்லதுக்குத்தான். டப்பா பீன்ஸ் வாங்க வீட்டுக்காரரை அனுப்பிட்டேன். ஐயா, அவங்க போயிட்டாங்கன்னு தெரியாம நாய்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நாய் தப்பா எடுத்துக்கல," என்று எழுதினேன். பிறகுதான் அழுகை வந்தது.

சாயங்காலம் வரை போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வருத்தம் தெரிவித்தவர்கள் பலர். குத்துக்கல் மாதிரி இருந்தவர், தன் வீட்டு நிலவறையில் இருபது பாட்டில் சோளம் இருப்பதாகவும் அதையும் போட்டுவிட வேண்டுமா என்றும் கேட்டார். ஆமாம் என்றேன். பூசணிக்காயைக் கூழாக அடைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கூழாக வேண்டாம் என்று வெர்னா சொல்லக் கேட்டிருக்கிறேன், அதைச் சொன்னேன். தெரியாதவற்றுக்குத் தெரியாது என்று எழுதி, பல்கலைக்கழகத்தின் விவசாய ஆலோசனை எண்ணைக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் கீழும் என் முழுப் பெயரையே போட்டேன்.

டெஸ் திங்கட்கிழமை அடக்கத்துக்கு வந்தாள். முகமெல்லாம் ஏரி வெயிலில் சிவந்திருந்தது. தானாக வாழ்த்துச் சொல்லும் ஏற்பாட்டைக் காலையிலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். வக்கீல் கோபப்பட்டாராம். சில வாரங்கள் கழித்து, புதிதாக வருகிறவரும் வெ.ஹே. என்றே கையெழுத்துப் போடலாமா, ஜனங்களுக்கு அது பழகிவிட்டதே என்று கம்பெனிக்காக டெஸ் கேட்டாள். வேண்டாம் என்றேன். டெஸ் அதோடு விட்டுவிட்டாள்.

தக்காளி பாட்டில்களை அலமாரியில் எடுத்து வைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வெர்னா செய்வது போல ஒவ்வொரு மூடியின் நடுவிலும் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஆறும் உள்ளே இறங்கி அசையாமல் இருந்தன. ஆறாவது எப்போது இறங்கியது என்று தெரியாது. வாசலில் அந்த மனிதர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த நேரமாக இருக்கலாம். சத்தம் வந்தால் கோடு போடச் சொல்லியிருந்தாள். எனக்குக் கேட்கவில்லை.

பிரிட்ஜ் கதவில் இருக்கும் சீட்டில் இன்றைக்கும் ஐந்து கோடுகள்தான்.