கல்யாண மேடையில் ஒரு மைக் டெஸ்டிங்

தாராவியில் எங்கள் ஆட்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் மைக் செட் எட்வினுடையதுதான். மற்றவர்கள் பேச்சையெல்லாம் தெரு முனைவரை கேட்க வைக்கும் அந்த மனிதருக்கு மைக்கில் பேச வந்தது ஒரே வாக்கியம்: “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ.” அதற்குமேல் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வாய்க்குப் பேர்போன ஜெபாவாகிய நான் இவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

எங்கள் வரவேற்புகளில் கடைசியாக மாப்பிள்ளையே நன்றி சொல்வது வழக்கம். நிச்சயமான அன்றே, “கோர்ட் மேரேஜ் பண்ணிக்கிடுவமா?” என்று கேட்டார். என்மேல் அவ்வளவு ஆசையா என்று பூரித்துப் போனேன். நன்றியுரைக்குப் பயந்துதான் கேட்டார் என்று தெரிந்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

“காலிபீலி, சும்மா எதுக்கு டென்ஷன்? போதகர சொல்லச் சொல்லிருவோம்” என்றேன்.

“எங்க அக்காவ அவரு ‘மாப்பிள்ளையின் சகோதரி’ன்னுட்டுப் போயிருவாரு. நாந்தான் சொல்லணும் ஜெபா.”

அக்கா என்றால் விஜயராணி மதினி. தாய் போன பிறகு தம்பியை வளர்த்தவர். பெல்ட் பட்டறையில் வேலை பார்த்து, தம்பிக்கு முதல் ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்தவர். வீட்டில் நன்றி என்று வாயைத் திறந்தாலே, “பேசாம தின்னுல” என்று அடக்கிவிடுவாராம். சபையில் சொன்னால்தான் அவரால் தப்பிக்க முடியாது.

வரவேற்பு செம்பூரில் ஒரு ஹாலில். கல்யாண மாப்பிள்ளை என்றும் பாராமல் காலையிலேயே போய், பந்தி நடக்கும் அறைக்கும் தன் கையாலேயே ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு வந்தார் இவர். கல்யாண், நெருள், ஆண்டாப் ஹில் என்று மும்பைச் சுற்றுவட்டாரத்துச் சொந்தம் மொத்தமும் வந்திருந்தது.

நேரம் வந்தது. மைக்கைப் பிடித்தார். ஹால் அமைதியானது. கோட்டெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்தார், நான் முறைத்தேன்.

“ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றார்.

மைக் டெஸ்டிங்கை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? சனம் விட்ட பேச்சைத் தொடர்ந்தது. முன்வரிசை மாமா போனை எடுத்தார். எனக்கு மானமே போனது. ஆனால் இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! தலையைக் குனிந்து ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டே பேசினார்.

“ஒன் டூ த்ரீ. நெருள் சித்தப்பா வண்டி மாறி மாறி வந்திருக்காவ, ரொம்ப நன்றி. செக், செக். ஜெபா வீட்டுல பொண்ணக் குடுத்திருக்காவ, கூடவே அவ வாயையும் குடுத்திருக்காவ, அதுக்கும் நன்றி. ஹலோ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொருவராக மேடைப் பக்கம் திரும்பினார்கள். இவர் நிமிரவேயில்லை.

“எங்க அக்கா விஜயராணி. டெஸ்டிங். எனக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கித் தந்த வருஷம் அவ கிறிஸ்மஸுக்குத் துணி எடுக்கல. கேட்டா பழசே நல்லாருக்குன்னா. பொய். எனக்கு அப்பவே தெரியும். யக்கா, நீ இல்லன்னா நான் இல்ல. செக்.”

முன்வரிசை மாமா போனைக் கீழே வைத்தார். பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த மதினி, கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். குரலில் மட்டும் அதே அதிகாரம்.

“ஏல எட்வினு, பந்திப் பக்கம் ஒண்ணும் கேக்கல. திருப்பிச் சொல்லு.”

அதுவும் பொய்தான்.

இவர் நிமிர்ந்தார். ஹாலே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஐயோ, நாக்கு ஒட்டப்போகிறது என்று பயந்து இவர் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“யக்கா” என்று ஆரம்பித்தார். ஒன் டூ த்ரீ இல்லை, செக் இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். மேலும் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். சந்தோஷத்தில் எனக்கும் அழுகை வந்தது.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் மைக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது.